38 லட்சமும் ஒரு ஸ்போர்ட்ஸ் காரும்



போன வெள்ளிக்கிழமை எங்கள் வாசலில் நிற்கிற சாம்பல் நிற ஹொண்டா சிவிக்கின் படத்தைப் போட்டதிலிருந்து கேள்விகள் ஓயவில்லை. "சேர், லொத்தர் விழுந்ததா?" என்று ஒரு பழைய மாணவர். "ரெண்டு டீச்சர்மார்ட சம்பளத்துல ஸ்போர்ட்ஸ் காரா?" என்று ஒரு சக ஆசிரியை. "அந்தக் காசுக்கு நல்ல அல்டோ ஒண்டு எடுத்திருக்கலாமே" என்று மச்சான். எல்லோருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத முடியவில்லை. அதனால் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். இதே யோசனையில் இருக்கிறவர்களுக்கு ஏதாவது பயன்படலாம்.

கதை மோட்டார் சைக்கிளில் தொடங்குகிறது. எங்கள் மூத்தவன் உயர்தரம் எழுதிவிட்டு ஒரு கடையில் வேலைக்குப் போனான். பின்னேரத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு டியூஷன். சேர்த்த காசு 6 லட்சம். கூட்டாளிமார் எல்லோரிடமும் இருக்கிற மாதிரி ஒரு பெரிய மோட்டார் சைக்கிள் எடுக்க வேண்டும் என்பதுதான் அவனுடைய ஆசை.

நாங்கள் இருவரும் ஆசிரியர்கள். படிப்பித்த பிள்ளைகளின் ஜனாஸாவில் நின்றிருக்கிறோம். எங்கள் பாடசாலையில் படித்த இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் போய்த்தான் மவுத்தானார்கள். அதில் ஒருவருடைய பெறுபேற்றுச் சான்றிதழ் இன்னும் அலுவலக அலுமாரியில் கிடக்கிறது. வாங்குவதற்கு வீட்டார் யாரும் வரவில்லை, நாங்களும் கொண்டுபோய்க் கொடுக்கத் தைரியம் இல்லாமல் இருக்கிறோம். அந்தச் சான்றிதழைத் தினமும் பார்க்கிறவர்களிடம் மகன் மோட்டார் சைக்கிள் கேட்டால் என்ன சொல்வது?

"வேணாம்" என்று மட்டும் சொன்னால் அவன் கேட்க மாட்டான் என்பது தெரியும். இருபது வயதுப் பிள்ளைக்கு ஓட ஆசை இருக்கும், அதைக் குற்றம் என்று சொல்ல முடியாது. கடைசியில் அவனே ஒரு வழி சொன்னான். "வாப்பா, அப்ப ஓட ஆசை வர்ற மாதிரி ஒரு கார் எடுப்பம். என்ட காசையும் போடுறன்." உம்மாவும் சரி என்றா. அப்படித்தான் நாங்கள் ஸ்போர்ட்ஸ் கார் தேடத் தொடங்கினோம்.

காசுக் கணக்கு இது. எங்கள் பழைய அல்டோவை விற்றது 22 லட்சம். உம்மாவின் சீட்டு 10 லட்சம். மகனுடையது 6 லட்சம். மொத்தம் 38. லீசிங் எங்கள் வீட்டுக்குள் வராது, வட்டி விடயத்தில் எங்களுக்கு இரண்டு பேச்சு இல்லை. இஜாரா முறையில் தருகிற இடங்களிலும் விசாரித்தோம். நாங்கள் தேடுகிற வயதுக் காருக்குத் தர முடியாது என்றார்கள். ஆகவே கையில் இருப்பதுதான் எல்லை. அதிலும் 5 லட்சத்தை முதலே ஒதுக்கி வைத்தோம். முப்பது வருடப் பழைய காரை வாங்கினால் வாங்கிய மாதமே செலவு வரும். இருக்கிற காசு முழுவதையும் விலைக்கே கொடுத்துவிட்டு, டைமிங் பெல்ட் மாற்றக் காசில்லாமல் நிற்கிற ஆட்களைப் பார்த்திருக்கிறோம். ஆகவே காருக்கு 33தான்.

இந்த நாட்டில் பழைய கார் ஏன் இந்த விலை என்று வெளிநாட்டில் இருக்கிற உறவுகள் கேட்பார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு மறுபடி திறந்தது 2025இல். அந்த ஐந்து வருடமும் உள்ளே இருந்த வாகனங்களே கைமாறிக்கொண்டிருந்தன. திறந்த பிறகும் வரி சுமக்க முடியாத அளவு. பாவித்த காரை இறக்குவதென்றாலும் வயதுக் கட்டுப்பாடு இருக்கிறது, 1990களின் காரை இனிக் கப்பலில் கொண்டுவர முடியாது. அந்தக் காலத்தில் வந்ததில் மிச்சம் இருப்பதைத்தான் தேட வேண்டும்.

ஒரு கொப்பியில் பட்டியல் எழுதினோம். முதலில் மஸ்டா எம்எக்ஸ்-5. 1989இல் வந்த முதலாவது மாதிரி ஒரு தொன்னுக்கும் குறைவான பாரம், பின்சில்லு இழுவை, ஓட்டுவதற்கு இதைவிட நல்ல சின்னக் கார் இல்லை என்று பலரும் சொல்வார்கள். ஆனால் இரண்டே இருக்கை. நாங்கள் ஐந்து பேர். கூரையும் துணி, வீடு கடற்கரையில். வெட்டினோம். டொயோட்டா எம்ஆர்2வும் அதே காரணத்தால் போனது. மிட்சுபிஷி எஃப்டிஓவுக்கு உதிரிப்பாகம் தேடிப் பஞ்சிகாவத்தையில் அலைய வேண்டும் என்று எங்கள் ஊர் பாஸ் தலையாட்டினார். சிவிக் எஸ்ஐஆர், 1.6 எஞ்சினில் 160 குதிரைவலு, அது எங்கள் விலைக்கு மேலே. விலைக்குள் வந்தவற்றில் பாதி, சாதாரண சிவிக்கில் ஸ்டிக்கர் ஒட்டியவை.

இந்த இடத்தில் மகனுக்கு ஒரு கணக்குச் சொன்னோம். வெளி வீதியில் காருக்கு 70 கிலோமீற்றர்தான் சட்டம். ஊருக்குள் 50. நெடுஞ்சாலையில்கூட 100. 160 குதிரையை எங்கே ஓடவிடப் போகிறாய்? பாரம் குறைவாக, வளைவில் நிதானமாக, ஸ்டியரிங் பிடித்தால் ரோட்டை உணரக்கூடிய காராக இருந்தால் 50இலும் சந்தோஷம் இருக்கும். அவன் முழுதாக நம்பவில்லை. ஆனாலும் வந்தான்.

முதலாவது, கண்டிப் பக்கம் ஒரு டொயோட்டா ஸ்டார்லட், "ஜிடி டர்போ" என்று விளம்பரம். நாங்கள் போய்ச் சேர முன்பே எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தார்கள். இதை மறக்க வேண்டாம்: பழைய காரைக் குளிர்ந்த எஞ்சினோடுதான் பார்க்க வேண்டும். முதல் ஸ்டார்ட்டில்தான் அது உண்மை பேசும். இறக்கத்தில் கால் எடுத்து மறுபடி மிதித்தபோது பின்னால் நீலப் புகை. அது ஒயில் எரிகிற புகை. வெள்ளைப் புகை இனிப்பு வாசத்தோடு நிற்காமல் வந்தால் தண்ணீர் உள்ளே போகிறது, ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். பொனட்டைத் திறந்தால் டர்போவே இல்லை. காற்றுத் துவாரம் வைத்த பொனட்டை மட்டும் மாற்றியிருந்தார்கள். சிரித்துக்கொண்டே பஸ் ஏறினோம்.

இரண்டாவதுதான் எங்களைச் சோதித்தது. குருநாகல் பக்கம், 1990களின் தொடக்கத்துச் சிவப்பு டொயோட்டா செலிக்கா. ஸ்விட்சைப் போட்டால் ஹெட்லைட் எழும்பி வருகிற அந்த மாதிரி. துணி சுற்றிய காந்தத்தைக் கதவின் கீழே, சில்லு வளைவில், எல்லா இடத்திலும் வைத்துப் பார்த்தோம். எங்கும் ஒட்டியது, பட்டி பூசிய இடம் இல்லை. செஸி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் புத்தகத்தோடு சரி. எஞ்சின் குளிர்ந்திருந்தது, ஒரே திருப்பில் பிடித்தது. விலை 30 லட்சம். மகன் ஸ்டியரிங்கை விட்டு இறங்கவே இல்லை.

புத்தகத்தில் இருந்த பெயர் விற்பவருடையது அல்ல. கேட்டோம். "வாப்பாடது. அவர் மவுத்தாகி ரெண்டு வருசம். முன்னமே ஒப்பம் வச்ச ஓபன் பேப்பர் இருக்கு, பிரச்சினை இல்ல" என்றார். எத்தனை சகோதரர்கள் என்று கேட்டோம். தம்பி ஒருவர், தங்கச்சிமார் இரண்டு பேர். அவர்களுக்கு விற்பது தெரியுமா? "அவங்களுக்கு கார் என்னத்துக்கு சேர்?"

உண்மையைச் சொல்கிறோம், எங்களுக்கும் அதை விட மனமில்லை. அன்றிரவு தங்கிய வீட்டில் நியாயம் தேடிக்கொண்டிருந்தோம். காசை அவர் பங்கு வைப்பாராக இருக்கும். அது அவர்களுடைய குடும்பப் பிரச்சினை. நாங்கள் விலைக்குத்தானே வாங்குகிறோம். இப்படி எத்தனையோ. மகன் ஒன்றும் பேசவில்லை. சுபஹுக்குப் பிறகு அவன்தான் சொன்னான். "உம்மா, அந்தத் தங்கச்சிமார்ட பங்குல நான் எப்படி ஓடுற? இத விடுவம்."

வகுப்பில் வாரிசுரிமைப் பாடத்தைச் சதவீதமும் பின்னமுமாகக் கரும்பலகையில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். அது எங்களைத் தேடி சிவப்பு நிறத்தில் வரும் என்று நினைக்கவில்லை. விற்பவருக்கு அழைப்பெடுத்து, சகோதரிமார் உட்பட எல்லோரும் சேர்ந்து முறைப்படி பெயர் மாற்றித் தந்தால் காத்திருக்கிறோம் என்றோம். அவர் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். சட்டத்துக்காகவும் சொல்கிறோம்: இறந்தவரின் ஒப்பத்தோடு இருக்கிற ஓபன் பேப்பரை நம்பிக் காசு கொடுக்க வேண்டாம். நாளைக்கு ஒரு வாரிசு முறைப்பாடு செய்தால் கார் பொலிஸில் நிற்கும், நீங்கள் நீதிமன்ற வாசலில் நிற்பீர்கள்.

மூன்றாவது, மாத்தளையில் ஓய்வுபெற்ற ஒரு சிங்கள ஐயாவின் வீட்டில். ஹொண்டா சிவிக், எல்லோரும் ஈஜி 8 என்று சொல்கிற நாலு கதவு, 1.5 எஞ்சின், மெனுவல் கியர். சிவப்பு இல்லை, ஹெட்லைட் எழும்பாது. மகனின் முகம் விழுந்தது எங்களுக்குத் தெரிந்தது. ஐயா ஒரு ஃபைலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பல வருடத்து பில்கள், திகதி வாரியாக. எந்த ஸ்பிரிங்கும் வெட்டவில்லை, எந்தச் சைலன்சரும் மாற்றவில்லை. புத்தகம் அவருடைய பெயரில்.

அந்தக் காலத்து சிவிக்கின் சிறப்பு கீழே இருக்கிறது. நாலு சில்லுக்கும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன். மேலே ஒரு கை, கீழே ஒரு கை என்று சில்லைப் பிடிக்கிற அமைப்பு. வளைவில் கார் சாய்ந்தாலும் டயர் ரோட்டில் நேராகப் பதியும். சாதாரண விலைக் காரில் இது அபூர்வம். பாரமும் ஏறக்குறைய ஒரு தொன்தான். குறைகளும் இருந்தன: பின்சில்லு வளைவில் துரு தொடங்கியிருந்தது, முன்பக்க புஷ்கள் தேய்ந்திருந்தன, டயர் நாலும் பழசு. இந்த வகைக்கு வெயிலில் நிறுத்தி எடுக்கும்போது ஸ்டார்ட் ஆகாத நோய் ஒன்றும் உண்டு, பெரும்பாலும் மெயின் ரிலேயின் ஈயப் பற்று வெடித்திருக்கும். எல்லாவற்றையும் எழுதிக் காட்டினோம். ஐயா கோபிக்கவில்லை. 32 லட்சத்து 50 ஆயிரத்துக்குத் தந்தார்.

திரும்பி வரும்போது கண்டியால் வந்து மஹியங்கனை ரோட்டைப் பிடித்தோம். பதினெட்டு வளைவில் மகன் ஓட்டினான். லைசன் எடுத்து ஒரு வருடம். பக்கத்தில் வாப்பா, பின்னால் உம்மா தஸ்பீஹோடு. நாலாவது வளைவில் அவனாகவே கியரைக் குறைத்து, வளைவுக்கு முன்பே பிரேக் பிடித்து, மெதுவாகத் திருப்பினான். கார் ஒரு கோட்டில் போனது. மானியில் 30ஐக் கூடத் தாண்டவில்லை. கீழே ஹசலக்கையில் நிறுத்தித் தேநீர் குடிக்கும்போது "வாப்பா, நீங்க சொன்ன கணக்கு சரிதான்" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

ஊருக்கு வந்த முதல் வாரமே பாஸிடம் விட்டோம். டைமிங் பெல்ட், வோட்டர் பம்ப், புஷ்கள், பிரேக் ஹோஸ், நாலு டயர், துரு வெட்டி ஒட்டியது, எல்லாமாக 3 லட்சத்து 60 ஆயிரம். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று கடதாசியில் இல்லாவிட்டால் மாற்றவே இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். அது அறுந்தால் எஞ்சின் செலவுதான். மீதிக் காசில் பெயர் மாற்றமும் காப்புறுதியும் முடிந்தது. இப்போது கையில் ஒன்றும் இல்லை, கடனும் இல்லை. அல்ஹம்துலில்லாஹ்.

இதே ஆசையில் இருக்கிறவர்களுக்கு எங்கள் அனுபவத்தில் இருந்து சொல்ல இருப்பது இதுதான். காரைத் தேட முன்பு நம்பிக்கையான ஒரு பாஸைத் தேடுங்கள். மாற்றம் செய்யாத காரையே எடுங்கள். எஞ்சின் மாற்றியிருந்தால் அது மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்து புத்தகத்தில் ஏறியிருக்க வேண்டும், "பிறகு செய்யலாம்" என்கிற பேச்சுக்கு இடம் கொடுக்க வேண்டாம். பெயின்ட்டின் மினுக்கத்தை விட பில் ஃபைலைப் பாருங்கள். இரவில், மழையில், அவசரத்தில் கார் வாங்காதீர்கள்.

மச்சானுக்கு: ஓம், நல்ல அல்டோ எடுத்திருக்கலாம். அல்டோ எடுத்திருந்தால் அவன் ஆறு மாதத்தில் மோட்டார் சைக்கிள் எடுத்திருப்பான்.

கார் வந்ததால் பயம் போய்விட்டது என்று சொல்லவில்லை. நாலு சில்லிலும் விபத்து வரும். அவன் வெளியே போனால் உம்மா இன்னும் கேற் பூட்டாமல்தான் இருக்கிறா. ஆனால் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன் அவனே பொனட்டைத் திறந்து ஒயிலும் தண்ணீரும் பார்க்கிறான், டயருக்குக் காற்று அடிக்கிறான். தம்பியை முன்சீட்டில் ஏற்றினால் பெல்ட் போடாமல் நகர்வதில்லை.

அந்தச் சான்றிதழை இந்தக் கிழமை அந்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதென்று முடிவு செய்திருக்கிறோம். மகன்தான் எங்களை ஏற்றிப் போவதாகச் சொன்னான். எங்கள் எல்லோருக்காகவும் துஆ செய்யுங்கள். பழைய கார் வைத்திருப்பவர்கள் உங்கள் அனுபவத்தையும் கீழே எழுதுங்கள், படிக்கிற பிள்ளைகளுக்கு உதவும்.