சித்தியின் வலது கை

2024 நவம்பர் 6, புதன்கிழமை. கல்லூரி முடிந்து அம்மாவைப் பார்க்கக் கிளம்பினேன். காந்திபுரத்தில் ஏறினால் சத்தி ரோட்டில் அன்னூர் ஒரு மணி நேரம். அங்கிருந்து இன்னொரு டவுன் பஸ். எங்கள் ஊர் அன்னூர் ஒன்றியத்தில் ஒரு சின்ன ஊராட்சி.

அம்மா வீட்டுத் திண்ணையில் வழக்கம்போல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார்கள். திருப்பூரிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் பனியன்களில் தையலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நூலைச் சின்னக் கத்தரியால் நறுக்கி, எண்ணி, அடுக்கிக் கட்டித் தரும் வேலை. உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. பக்கத்து வீட்டு ஆத்தா, எதிர்வீட்டு டைலர் அக்கா, அம்மா மூவரும் திண்ணையில். காலனியிலிருந்து வரும் அக்கா திண்ணைக்குக் கீழே படியில். காட்டு வேலை இல்லாத நாட்களில் அவரும் வந்து ஒரு கட்டு வாங்கிக்கொள்வார்.

"ஏங் கண்ணு, நம்ம புள்ள தோத்துப்போச்சாமா?" என்றார் ஆத்தா, நான் செருப்பைக் கழற்றும் முன்பே.

நம்ம புள்ள என்றால் கமலா ஹாரிஸ். அவருடைய தாத்தா பி.வி. கோபாலனின் பூர்வீகம் மன்னார்குடிக்கு அருகில் துளசேந்திரபுரம். அந்த ஊர்க் கோயிலில் அவருக்காகப் பூஜை செய்ததை எங்கள் வீட்டு டிவியும் காட்டியிருந்தது. 2020 ஆகஸ்டில் துணை அதிபர் வேட்பாளராக ஏற்புரை ஆற்றியபோது தன் குடும்பத்தினரைப் பற்றிப் பேசிய அவர், 'சித்திகள்' என்ற தமிழ்ச் சொல்லைச் சொன்னார். அன்று நானும் பூரித்துப்போனேன். வகுப்பில் அதைப் பற்றிப் பேசினேன்.

"தோத்துட்டாங்க ஆத்தா."

"அமெரிக்காக்காரனே பொம்பளைய ஒத்துக்கல பாருங்க" என்றார் டைலர் அக்கா. "படிச்ச நாடுன்னு பேரு."

"பொம்பளைன்னு எதுக்குடி சொல்றே? வெலவாசி ஏறிப்போச்சாமா. அரிசி பருப்பு ஏறுனா அந்த நாக்காலியில எவ இருந்தாலும் எறக்கித்தான் உடுவாங்க" என்றார் ஆத்தா. எத்தனையோ நிபுணர்கள் எழுதிய காரணத்தை அவர் கத்தரியை வைக்காமலேயே சொல்லிவிட்டார்.

வாத்தியார் வேலை சும்மா இருக்க விடாது. அங்கே மக்கள் ஓட்டு நேரடியாக அதிபரைத் தேர்ந்தெடுப்பதில்லை, மாநிலவாரியாக 538 தேர்வாளர்கள், அதில் 270 வேண்டும் என்று விளக்கினேன். 2016இல் ஹிலாரி கிளிண்டன் டிரம்பைவிட ஏறத்தாழ 29 லட்சம் ஓட்டு அதிகம் வாங்கியும் தோற்றார் என்றேன்.

"அப்ப நம்மூர்ப் பிரசிடெண்ட் எலக்சனே தேவலையாட்ட இருக்குதுங்" என்றார் படியில் இருந்த அக்கா. "ஒரு ஓட்டு ஒசத்தின்னாலும் செயிச்சது செயிச்சதுதான்."

எங்கள் பக்கம் பிரசிடெண்ட் என்றால் ஊராட்சித் தலைவர். வெள்ளை மாளிகையில் இருப்பவர் அதற்கப்புறம்தான். 2019 டிசம்பரில் நான்கு நிறத்தில் சீட்டு கொடுத்தார்கள். அதில் இளஞ்சிவப்புச் சீட்டு பிரசிடெண்ட்டுக்கு. எங்கள் ஊரில் அந்தச் சீட்டில் இருந்த பெயர்கள் எல்லாமே பெண்கள் பெயர்.

"டெல்லியில இருக்கறாங்களே, அந்தம்மாவுக்கு நாம ஓட்டுப் போட்டமுங்களா?" என்று கேட்டார் அக்கா.

இல்லை என்றேன். 2022 ஜூலையில் எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும்தான் போட்டார்கள். தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருவரின் ஓட்டு மதிப்பு 176. உத்தரப்பிரதேசத்தில் 208. 1971 மக்கள்தொகையை வைத்துப் போட்ட கணக்கு அது. திரௌபதி முர்மு 64 விழுக்காடு மதிப்பைப் பெற்று வென்றார். பழங்குடியினரிலிருந்து வந்த முதல் குடியரசுத் தலைவர், பிரதிபா பாட்டீலுக்குப் பின் இரண்டாவது பெண்.

"இருந்து என்ன பண்றது? ரப்பர் ஸ்டாம்புதான" என்றார் டைலர் அக்கா. "நம்மூர்ப் பிரசிடெண்ட்டம்மா ஆட்ட. பேரு அவிய பேரு. ஆபீஸ்ல உக்காந்திருக்கறது ஊட்டுக்காரரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"உன்ற சித்தியவும் இப்பிடித்தான் சிரிச்சே" என்றாள்.

சித்தி, அம்மாவின் தங்கை. பக்கத்து ஊராட்சியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். எட்டாவது வரை படித்தவர். 1996 அக்டோபரில் தமிழ்நாட்டில் பத்தாண்டுகளுக்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் என்ற சட்டம் வந்தபின் நடந்த முதல் தேர்தல். சித்தப்பா நிற்பதாக இருந்த ஊராட்சி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டுவிட, சித்தி நின்றார். நின்றார் என்பதைவிட நிறுத்தப்பட்டார் என்பது சரி. ஜெயித்தார். சித்தப்பாவை ஊர் பிரசிடெண்ட் என்றே கூப்பிட்டது. சித்தி பிரசிடெண்ட் வீட்டம்மா.

நான் அப்போது இளங்கலைத் தமிழ் சேர்ந்திருந்தேன். ஓட்டுப் போடும் வயது இன்னும் ஆகவில்லை, கவிதை எழுதும் வயது ஆகியிருந்தது. கல்லூரி ஆண்டு மலரில் வெளியான என் முதல் கவிதைக்கு 'முத்திரை' என்று பெயர். சேலை கட்டிய ரப்பர் முத்திரை ஒன்றைப் பற்றியது. யாரைச் சொல்கிறேன் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பரிசு கிடைத்தது. பேராசிரியர்கள் பாராட்டினார்கள். அந்த வருட நோம்பிக்குச் சித்தி வீட்டுக்குப் போனபோது, "கவிதை நெம்ப நல்லாருந்துச்சு கண்ணு" என்றார் சித்தி. வேறெதுவும் சொல்லவில்லை. என் தட்டில் இன்னொரு கச்சாயம் வைத்தார்.

பல வருடம் கழித்து, சித்தப்பா இறந்தபின், ஒரு ராத்திரி துணைக்குப் படுத்திருந்தபோது அவராகவே சொன்னார். ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். ஒரு மழைக்காலத்தில் தோட்டங்களுக்குப் போகும் தடத்துக்கு மண் கொட்டும் வேலை எடுத்தார்கள். காலனிக்குத் தண்ணீர்க் குழாய் போடும் வேலை தள்ளிக்கொண்டே போனது. சித்தி வீட்டில் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தார். 'உனக்கெதுக்கு அது' என்றார் சித்தப்பா. மறுநாள் காலையில் சித்தி வலது மணிக்கட்டில் பத்துப் போட்டுத் துணி சுற்றிக்கொண்டார். தண்ணீர் சேந்தும்போது சுளுக்கிவிட்டது என்றார். சோறாக்க முடியவில்லை. பால் கறக்க முடியவில்லை. செக்கில் கையெழுத்தும் போட முடியவில்லை. நான்கு நாள். ஐந்தாம் நாள் குழாய் வேலை தீர்மானப் புத்தகத்தில் ஏறியது. ஆறாம் நாள் சுளுக்கு விட்டது.

"ஊருக்குத் தெரியாது. உன்ற சித்தப்பனுக்குத் தெரியும்" என்றார் சித்தி.

அந்தக் கதையை நான் ரசித்தேன். தோழிகளிடம் சொன்னேன். ஆனால் 'முத்திரை'யைத் திரும்ப எழுதவில்லை. என் முதல் தொகுப்பிலும் அது அப்படியே இருக்கிறது.

1975 ஜூன் 25 இரவு அவசரநிலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர் குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது. குளியல் தொட்டியில் கிடந்தபடியே அவர் ஆணைகளில் கையெழுத்திடுவதாக அந்த ஆண்டு டிசம்பரில் அபு ஆபிரகாம் வரைந்த கேலிச்சித்திரம் இன்றும் பேசப்படுகிறது. அதைப் பார்த்து யாரும் 'ஆம்பளைகளுக்கு நாற்காலி கொடுத்தால் இப்படித்தான்' என்று சொல்லவில்லை. ஓர் ஆண் முத்திரையானால் அது அவர் குறை, அல்லது அந்தப் பதவியின் குறை. ஒரு பெண் முத்திரையானால் நம் எல்லோரின் குறை. முத்திரையைப் பார்த்துச் சிரிக்கிறோம். அதைப் பிடித்து அழுத்தும் கை சிரிப்பிலிருந்து தப்பித்துக்கொள்கிறது. பதினெட்டு வயதில் நான் எழுதிய கவிதையில் சேலை இருந்தது, வேட்டி இல்லை.

இதையெல்லாம் நான் திண்ணையில் சொல்லவில்லை. சித்தியின் சுளுக்குக் கதையை மட்டும் சொன்னேன். டைலர் அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். படியில் இருந்த அக்கா கத்தரியை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் பொறந்த ஊரு அதுதானுங் டீச்சரம்மா" என்றார். "அந்தக் கொழாயில நான் தண்ணி புடிச்சிருக்கறன். உங்க சித்தி போட்டதுதான், நெசம்." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா அவிய வாசல்ல நாங்க செருப்புப் போட்டுட்டு நின்னதில்லீங்."

அம்மா மூட்டையைப் பிரிப்பதில் மும்முரமானாள். எங்கள் வீடு தோட்டம் காடு உள்ள சாதி வீடு. சித்தியின் கதையை நான் இத்தனை வருடம் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். குழாயில் தண்ணீர் பிடித்தவர் பக்கமிருந்து அதைக் கேட்டது அன்றுதான்.

அப்புறம் அவர், யாரையும் பார்க்காமல் சொன்னார். "இந்த வாட்டி நம்மூரை எங்காளுகளுக்கு, அதுலயும் பொம்பளைகளுக்கு உட்டாலும் உடுவாங்கன்னு பேசிக்கறாங்க. உட்டா நிக்கலாம்னு இருக்கறனுங்."

அமெரிக்காக்காரன் பொம்பளையை ஒத்துக்கொள்ளவில்லை என்று ஆதங்கப்பட்ட திண்ணை அப்போது பேசவில்லை. கத்தரிச் சத்தம் மட்டும் கேட்டது. 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியில் தலித் பெண் தலைவர் ஒருவர் கூட்டத்தில் தரையில் உட்காரவைக்கப்பட்ட படம் வந்தது. மற்றவர்கள் நாற்காலியில் இருந்தார்கள். அந்தப் படத்தை வகுப்பில் காட்டி மாணவிகளிடம் ஆவேசமாகப் பேசியவள் நான். அன்று என் அம்மா வீட்டில் அந்த அக்கா படியில் இருந்தார், நான் திண்ணையில் இருந்தேன். "நில்லுங்கக்கா" என்றேன், இருந்த இடத்திலிருந்தே.

ஆத்தாதான் கடைசியில் வாய் திறந்தார். "நிக்கறது நில்லு. ஊட்டுக்காரன ஆபீஸ்ல உடாத."

தேர்தல் வரவில்லை. 2019இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. கோவை உட்பட 28 மாவட்டங்களின் ஊராட்சிகள் தனி அலுவலர்கள் கைக்குப் போயின. உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016இல் சட்டம் திருத்திய மாநிலம் இது. தேர்தலே நடக்காதபோது பாதி எவ்வளவு? ஊட்டுக்காரர் உட்கார்ந்த நாற்காலி என்று நாங்கள் சிரித்தோமே, அந்த நாற்காலியில் பெயரளவுக்குக்கூட ஒரு பெண் இல்லை. சுளுக்கு வருவதற்கு ஒரு கை வேண்டாமா?

எங்களுக்கு ஓட்டு இல்லாத தேர்தல் மட்டும் திண்ணைக்கே வந்துசேர்ந்தது. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 விழுக்காடு வரி விதித்தது. திருப்பூர்ப் பின்னலாடையை அதிகம் வாங்கும் நாடு அது. ஆர்டர்கள் நின்றன, குறைந்தன. தினம் வந்த மூட்டை வாரம் இரண்டு தடவை என்றானது. டிரம்ப்பைப் பற்றி ஆத்தா சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது. ஆயிரக்கணக்கான மைல் தள்ளி யாரோ போட்ட ஓட்டு இங்கே உருப்படிக் கூலியில் வந்து விழும் என்பதை எந்த அரசியல் பாடமும் எங்களுக்கு இத்தனை தெளிவாகச் சொன்னதில்லை. இவர்களுக்கு எதற்கு அமெரிக்கத் தேர்தல் என்று அந்த நவம்பரில் என் மனதின் ஓர் ஓரத்தில் நானும் நினைத்தேன். அதையும் இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

தீபாவளிக்குப் போனபோது திண்ணையில் ஒரே ஒரு கட்டு இருந்தது. நான்கு பேரும் அதைப் பங்கு போட்டு வெட்டிக்கொண்டிருந்தார்கள். படியில் இருந்த அக்காவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததைப் பெரிதாக எழுத ஒன்றுமில்லை, இருபது வருடம் முன்பே செய்திருக்க வேண்டியது.

"எலக்சன் எப்பங் டீச்சரம்மா?" என்று கேட்டார்.

"தெரியலையேக்கா."

"டெபாசிட் எவ்வளவுங்?"

போன தடவை தலைவர் பதவிக்கு 600 ரூபாய், பட்டியல் சாதியினருக்கு 300 என்றேன்.

"அது தெரியுமுங். ஏத்திருப்பாங்களோன்னு கேட்டன்." இடுப்புச் சுருக்குப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "முந்நூறு தனியா எடுத்து வெச்சிருக்கறனுங். வேலை இல்லாம இருந்தும் இந்த நோம்பிக்குக்கூட அதத் தொடல."