துருவ தரிசனம்

திருமண நாளின் இரவில் மணமக்களுக்குத் துருவனையும் அருந்ததியையும் காட்டுதல் மரபு. இக்காலத்திலோ முகூர்த்தம் முடிந்த கையோடு பகல் வானைச் சுட்டி, "தெரிகிறதா?" என்று சாஸ்திரிகள் கேட்பார், நாமும் தலையசைப்போம். 52 ஆண்டுகளுக்கு முன் நானும் என் இல்லாளும் அவ்வாறே தலையசைத்தோம். பின்னர் வானத்தை அண்ணாந்து பார்க்கக் குடும்பக் கவலைகள் இடந்தரவில்லை. இப்போது கண்ணழுத்த நோயால் அவள் பார்வை குறுகிவிட்டது. நல்ல வெளிச்சத்தில் எழுத்தைப் படிப்பாள். இரவு வானம் அவளுக்கு வெறும் கருமை.

பங்குனி அமாவாசையை ஒட்டிக் குயிலாப்பாளையத்திற்கு வந்த பேரன், தன் கேமராவை மொட்டை மாடியில் முக்காலியின்மீது பொருத்தி வடக்கு நோக்கி நிறுத்தினான். புதுச்சேரியின் விளக்கொளி எங்களுக்குத் தெற்கே இருப்பது ஒரு வசதி. துருவனோ நம் பகுதியில் தொடுவானுக்கு மேல் ஏறக்குறைய 12 பாகை உயரத்திலேயே நிற்கிறான். நீட்டிய கையின் முஷ்டி அளவுக்குச் சற்று மேலே, அவ்வளவுதான்.

கேமராவின் கண் 40 நிமிடம் திறந்தே இருந்தது. மேகம் வந்துவிடுமோ என்று அஞ்சினேன். வெள்ளி சூரியனைக் கடப்பதைக் காண எட்டு ஆண்டுகள் காத்திருந்த லெ ஜென்ட்டில் என்னும் பிரெஞ்சு வானியலாருக்கு, 1769 ஜூன் 4 அன்று காலை இதே புதுச்சேரிக் கரையில் மேகமே தடையாயிற்று. எங்களை வானம் காத்தது.

கண் மூடிய பின்னும் படம் வரவில்லை. "இன்னும் 40 நிமிடம் ஆகும், தாத்தா" என்றான். நெடுநேரம் ஒளியை வாங்கும் கருவியில் சூட்டினால் பொய்ப் புள்ளிகள் தோன்றுமாம். ஆகவே அதே அளவு நேரம் கண்ணை மூடி, இருளிலும் எவை தோன்றுகின்றன என்று கண்டு, அவற்றை அது கழித்துவிடுமாம். தியானம் பழகியவர்களுக்கு இது விந்தையாகத் தோன்றாது.

பின்னர் படம் வந்தது. விண்மீன் ஒவ்வொன்றும் 10 பாகை வில்லாக வளைந்திருந்தது. துருவன் மட்டும் ஒரு புள்ளி. அவனும் முற்றிலும் அசையாதவன் அல்லன், வான அச்சிலிருந்து முழுநிலவின் அகலத்தைவிடச் சற்றே கூடுதலாக விலகிச் சிறுவட்டம் இடுகிறான் என்று பேரன் விளக்கினான். அத்துணைத் துல்லியம் நான் கேட்கவில்லை. சிற்றன்னையின் சொல்லால் நொந்து வனம் புகுந்த பாலகனுக்கு நாராயணன் அளித்த பதத்தைச் சப்தரிஷிகள் சுற்றி வருவதாகப் பாகவதம் கூறும். அந்தச் சுற்று வெள்ளிக் கோடுகளாக எங்கள் முன் கிடந்தது.

இல்லாள் டேப்லெட்டின் திரையை முகத்தருகே பிடித்து நெடுநேரம் பார்த்தாள். "அருந்ததி எங்கேடா?" என்றாள். பேரன் படத்தைப் பெரிதாக்கினான். ஒன்றாகத் தெரிந்த கோடு இரண்டாயிற்று. வசிஷ்டர் செல்லும் தடத்தை ஏறக்குறைய ஒட்டியே, ஒன்றேகால் நிமிடம் பின்னால், அருந்ததி வருகிறாள். அவள் அக்கோடுகளை விரலால் தடவினாள், படம் நகர்ந்துவிட்டது. பேரன் மீண்டும் கொண்டுவந்து வைத்தான்.