மாற்றல் உத்தரவும் ஆரி ஊசியும்

வேலூர் லாங்கு பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு பதிக்கப்பட்டிருக்கிறது. 1914 முதல் 1918 வரை நடந்த பெரும்போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்கிறது அது. நூறாண்டு கடந்தும் இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் பட்டாளத்துக்குப் போவது நிற்கவில்லை. கணியம்பாடி ஒன்றியத்திலுள்ள கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே ஒரு பெயர் உண்டு. தலைமுறை தலைமுறையாக ஆண்களைப் படைக்கு அனுப்பிய ஊர். அந்த ஆண்களைப் பற்றிப் பத்திரிகைகளில் நிறைய வந்திருக்கிறது. நான் போனது அவர்கள் மனைவிமார் வீட்டிலிருந்து செய்யும் ஆரி என்னும் கொக்கி ஊசிப் பூவேலையைப் பார்க்க.

எனக்கு வழிகாட்டியவர் ஒரு ஹவில்தாரின் மனைவி. பெயர் போட வேண்டாம் என்றார். ஊரில் எல்லோருக்கும் அவர் அக்கா. நானும் அப்படியே எழுதுகிறேன்.

முன்னறையை முக்கால்வாசி அடைத்துக்கொண்டு மரச்சட்டம் ஒன்று கிடந்தது. அதில் மயில்கழுத்து நிறப் பட்டுத்துணியை நாலு பக்கமும் நூலால் இழுத்துக் கட்டியிருந்தார். விரலால் சுண்டிக் காட்டினார். உடுக்கைத் தோல் போல விண்ணென்றது. “துணி தொய்ஞ்சிருந்தா தையல் சுருங்கிப்பூடும். பாதி வேலை இந்தக் கட்டுறதுலதான் கீது,” என்றார். துணியை இன்னும் வெட்டவில்லை. ஜாக்கெட்டின் கழுத்து, முதுகு, இரண்டு கை என்று அளவு குறித்து, பூவேலை எல்லாம் முடிந்த பிறகுதான் கத்தரி படும். டிசைனை டிரேசிங் தாளில் வரைந்து, கோட்டின் மேலேயே குண்டூசியால் நெருக்க நெருக்கமாகத் துளையிடுகிறார்கள். பிறகு மண்ணெண்ணெயில் குழைத்த வெள்ளைப் பொடியைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்தால், துளை வழியே இறங்கிப் புள்ளிப் புள்ளியாகக் கோடு விழும். ரேஷனில் மண்ணெண்ணெய் அரிதான பிறகு இந்த இடத்தில் திண்டாட்டம்தான் என்றார்கள்.

ஆரி ஊசியின் நுனியில் கொக்கி இருக்கிறது. வலது கை மேலிருந்து ஊசியை இறக்க, துணிக்கு அடியில் இடது கை நூலை அந்தக் கொக்கியில் சுற்றிவிட வேண்டும். ஊசி மேலே வரும்போது ஒரு கண்ணி கூடவே வருகிறது. அந்தக் கண்ணிக்குள்ளேயே அடுத்த குத்து. பார்க்கிறவர்களுக்கு வலது கைதான் தெரியும். ஆனால் தையல் சீராக விழுவதும் விழாததும் கண்ணுக்குத் தெரியாத அந்த இடது கையில்தான் இருக்கிறது. ஜர்தோசிக் கம்பியைத் துண்டு துண்டாக நறுக்கி, சாதாரண ஊசியில் கோத்துத் தைக்கிறார்கள். அக்காவின் இடது சுட்டுவிரல் நுனி காய்த்துப்போயிருந்தது.

இந்த வேலையை அவர் வேலூரில் கற்கவில்லை, பரேலியில் கற்றார். உத்தரப்பிரதேசத்தில் ஜர்தோசிக்குப் பேர்போன ஊர் அது; பெரிய கன்டோன்மென்ட்டும் அங்கே இருக்கிறது. கணவருக்கு அங்கே பீஸ் போஸ்டிங் (போர்முனை அல்லாத பணியிடம்) கிடைத்தபோது குடும்பத்தோடு போனார். கைக்குழந்தை, மொழி தெரியாத ஊர், பகல் முழுக்கத் தனிமை. ராணுவத்தார் மனைவியர் நலச் சங்கம் (1966-இல் தொடங்கியது, குடும்பங்களில் ‘ஆவா’ என்பார்கள்) நடத்திய தையல் வகுப்புக்குப் போனார். அங்கே அறிமுகமான ஒரு பெண்மணி, ஊருக்குள் ஜர்தோசி செய்யும் தன் உறவினர் வீட்டுக்கு அழைத்துப் போனார். “அந்த வூட்டு அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அப்ப இந்தி வராது. கையைப் பார்த்தே கத்துக்கினேன்மா.”

பிறகு கணவர் காஷ்மீருக்கு ஃபீல்டு போனார். அங்கே குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. அக்கா ஊருக்குத் திரும்பினார். கம்பளித் துணியில் ஆண்கள் இதே கொக்கி ஊசியால் பூப்போடுவதை ஸ்ரீநகரில் பார்த்ததாகக் கணவர் போனில் சொன்னாராம். அடுத்த விடுப்பில் வந்தபோது அந்த ஊசி ஒன்றை வாங்கி வந்திருக்கிறார். கொஞ்சம் தடித்த ஊசி. பட்டுக்கு ஆகாது என்றாலும் பத்திரமாக வைத்திருக்கிறார்.

உள்ளறையில் கறுப்பு டிரங்குப் பெட்டி இருந்தது. மூடியில் வெள்ளைப் பெயின்ட்டில் கணவரின் எண், ரேங்க், பெயர், யூனிட். திறந்தால் அடுக்கடுக்காக மணி டப்பாக்கள். சுகர் பீட்ஸ், கட் பீட்ஸ், குந்தன் கல், சமிக்கி. ஓரத்தில் அளவு நோட்டுகள், ஊருக்கு ஒரு நோட்டு. பெரிய சட்டத்தின் கால்களைத் திருகிக் கழற்றிவிடலாம். இந்தத் தொழிலை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டதற்கு, அழகு, ஆசை என்றெல்லாம் அவர் பேசவில்லை. “பெட்டியில அடங்குதில்ல, அதான்,” என்றார். பவர் மெஷின் வாங்கலாமா என்று ஒருமுறை விலை விசாரித்தாராம். அதைத் தூக்கிக்கொண்டு எத்தனை ஊர் போவது என்று விட்டுவிட்டார்.

பெட்டியில் அடங்காதது வாடிக்கைதான். பட்டாளத்துக் குடும்பம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர் மாறுகிறது. கல்யாண ஜாக்கெட் வேலை வாய்ச்சொல்லால் வளர்வது: ஒரு பெண்ணின் முதுகில் பார்த்துவிட்டு இன்னொருத்தி வருவாள். அப்படி ஆள் சேர இரண்டு வருஷமாவது ஆகிறது. சேர்ந்த கையோடு மாற்றல் வருகிறது. முகூர்த்தத்துக்கும் உத்தரவுக்கும் சம்பந்தமில்லை. வைகாசிக் கல்யாணத்துக்கு முன்பணம் வாங்கியிருப்பார்கள், சித்திரையில் பெட்டி கட்டச் சொல்வார்கள். அரசுக் குடியிருப்பில் போர்டு மாட்டிக் கடை நடத்தவும் முடியாது. ஆக ஒவ்வொரு ஊரிலும் பெயரில்லாத கடை ஒன்றைப் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறார்கள்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. இந்த வேலையை வெளியார் மட்டுமல்ல, சொந்தக் குடும்பத்தாரே பொழுதுபோக்கு என்கிறார்கள். புருஷன் சம்பளம் வருகிறதே, உனக்கென்ன குறை என்ற கேள்வியை அந்தத் தெருவில் எல்லாப் பெண்களும் கேட்டிருக்கிறார்கள். ஆனால் 15 ஆண்டு பணி முடித்தால் நிரந்தரப் பணியிலுள்ள ஜவானுக்குப் பென்ஷன் தகுதி வருகிறது. நாற்பதையொட்டிய வயதிலேயே பலர் ஓய்வு பெற்றுவிடுகிறார்கள். பிள்ளைகள் அப்போதுதான் பள்ளிப் படிப்பின் மேல்வகுப்புகளில் இருப்பார்கள். சம்பளம் பென்ஷனாகச் சுருங்கும் அந்த வருஷத்தில் குடும்பத்தைத் தாங்கப்போவது இந்த முன்னறைச் சட்டமாகவும் இருக்கலாம்.

கணக்கு கேட்டேன். ஒரு கல்யாண ஜாக்கெட்டுக்கு 4,500 ரூபாய் வாங்குகிறார். மணி, நூல், ஜர்தோசி, லைனிங் எல்லாம் சேர்த்து 1,100 ரூபாய். மீதி லாபம் என்றார். எத்தனை நாள் வேலை? காலையில் பிள்ளைகள் போன பிறகு உட்கார்ந்தால் எட்டு நாள், நாளைக்கு ஆறு மணி நேரம். இருவரும் தாளில் போட்டுப் பார்த்தோம். மணிக்கு 71 ரூபாய் கூட வரவில்லை. அவர் கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்தார். கையில் இருக்கும் வித்தைக்கு இது போதவே போதாது என்பது என் கருத்து, அவரிடமும் சொன்னேன். நேரத்தை எழுதிவைக்காத வரை விலை ஏறாது.

பிறகு ஒரு மாற்றலில் செகந்திராபாத்தில் இருந்தபோது அக்கா பக்கத்துத் தெருத் தையல்காரப் பெண் ஒருவரோடு பிரதமரின் விஸ்வகர்மா திட்டத்துக்கு விண்ணப்பிக்கப் போயிருக்கிறார். 2023 செப்டம்பர் 17-இல் தொடங்கிய திட்டம். 18 தொழில்களில் தையலும் உண்டு. கருவிகளுக்கு 15,000 ரூபாய், 5 சதவீத வட்டியில் இரண்டு தவணையாக 3 லட்சம் வரை கடன். அந்தப் பெண்ணுக்குப் பதிவாயிற்று. அக்காவுக்கு ஆகவில்லை. அரசுப் பணியில் இருப்பவரும் அவர் குடும்பத்தாரும் சேர முடியாது என்பது விதி. மாதச் சம்பளம் வரும் வீட்டை விட்டு, இல்லாத வீட்டுக்கு முதலில் கொடுப்பது நியாயம்தானே என்று கேட்கலாம். மானியத்துக்கு அது பொருந்தும். திருப்பிக் கட்டப்போகும் கடனுக்கும் அதே கதவை ஏன் சாத்த வேண்டும்? இவர் வாடிக்கையை இழப்பதே அரசு போடும் மாற்றல் உத்தரவால். தொழில் செய்பவர் மனைவி; தகுதியைத் தீர்மானிப்பது கணவரின் உத்தியோகம். இதை மாற்ற வேண்டும்.

உத்யம் பதிவில் அந்தத் தடை இல்லை. 2020 ஜூலை முதல் இணையத்தில் கட்டணமில்லாமல் ஆதாரை வைத்துச் செய்யலாம். ஊர் மாறினால் முகவரியைத் திருத்திக்கொள்ளலாம். கம்மவான்பேட்டையில் அந்தத் தெருவில் ஒரே ஒருவர்தான் செய்திருந்தார், அக்காவைவிட இளையவர். அவர் போனில் சான்றிதழைத் திறந்து காட்ட, மற்றவர்கள் சூழ்ந்துகொண்டு எந்த மையத்தில், என்னென்ன காகிதம் என்று விசாரித்தார்கள்.

அவர்களாகவே கண்டுபிடித்த வழி ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. யாருக்கு மாற்றல் வந்தாலும் அவருடைய ஆர்டர்கள் ஊரில் இருப்பவரிடம் வருகின்றன. பழைய ஊர் வாடிக்கையாளர் துணியையும் அளவு ஜாக்கெட்டையும் ஸ்பீடு போஸ்ட்டில் இங்கே அனுப்புகிறார். பணம் ஜிபேயில் வருகிறது. ஆர்டர் பிடித்தவருக்கு நூற்றுக்குப் பத்து, மிச்சம் தைத்தவருக்கு. இப்போது செகந்திராபாத்திலும் அம்பாலாவிலும் இந்தத் தெருப் பெண்கள் இருக்கிறார்கள். சட்டம் ஓடுவது இங்கே.

நான் கிளம்பும்போது அம்பாலாவிலிருந்து போன். ஆவணிக் கல்யாணம், பஞ்சாபிப் பெண், முதுகில் புல்காரி மாதிரிப் பூ வேண்டுமாம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அக்கா இந்தியில் பேசினார். பத்து நாள் ஆகும், 6,000 ரூபாய், பாதி முன்பணம். அந்தப் பக்கம் பேரம் பேசினார்கள். அக்கா குறைக்கவில்லை.