பிரியாவிடை மேடையில் சொல்லாமல் விட்டது



எமது பாடசாலையின் மூன்று ஆசிரியர்கள் 2022 டிசம்பர் 31 உடன் ஓய்வு பெற்றுச் சென்றார்கள். பிரியாவிடைப் படங்களை எல்லோரும் ஏற்கெனவே பகிர்ந்து விட்டீர்கள். பொன்னாடை, நினைவுச் சின்னம், வாழ்த்துமடல், புரியாணி எல்லாம் அந்தப் படங்களில் இருக்கின்றன. அவற்றில் இல்லாத ஒரு விடயத்துக்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக் கொள்ளுங்கள்.

"நாங்கள்" என்று எழுதுவது யார் என்பதை முதலில் சொல்லி விடுகிறோம். 2002இல் இதே பாடசாலையில் சாதாரண தரம் எழுதி, பிறகு இதே பாடசாலைக்கே ஆசிரியர்களாக வந்து சேர்ந்த நான்கு பேர். தட்டச்சு செய்தது ஒருவர்தான். ஆனால் நான்கு பேரும் வாசித்துத் திருத்திய பிறகே போடுகிறோம்.

இந்த மூவரும் இவ்வளவு அவசரமாகப் போவார்கள் என்று 2022 தொடக்கத்தில் யாரும் நினைக்கவில்லை. 2021 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் அரச ஊழியரின் ஓய்வு வயது 65 என்றார்கள். அதை நம்பி ஒருவர் மகளின் வீட்டு வேலைக்குக் கடன் எடுத்தார். 2022 ஆகஸ்ட் கடைசியில் இடைக்கால வரவு செலவுத் திட்டம் வந்தது, வயது மறுபடியும் 60 ஆனது. அறுபதைத் தாண்டியவர்கள் எல்லோரும் ஒரே நாளில், டிசம்பர் 31இல், வெளியேற வேண்டியிருந்தது. நாடு முழுக்க எத்தனை பாடசாலைகளில் இதே போல ஒரே கிழமையில் பொன்னாடை போர்த்தியிருப்பார்களோ தெரியாது. உயர்தரப் பரீட்சை 2023 ஜனவரி 23ஆம் திகதி தொடங்கியது, சாதாரண தரம் மே மாதம். பாடத்திட்டம் பாதியில் நின்றபோது பாடம் நடத்தியவர் போனார். இதைப் பற்றி எழுதினால் வேறு பதிவாகி விடும்.

பிரதி அதிபர் சேரைப் பற்றி மேடையில் நிறையச் சொன்னார்கள், எல்லாம் உண்மை. நாங்கள் ஒன்றை மட்டும் சேர்க்கிறோம். வரவுப் பதிவேட்டில் காலையில் சிவப்புக் கோடு இழுப்பது அவருடைய வேலை. எங்கள் நான்கு பேரின் கையெழுத்தும் பல தடவை அந்தக் கோட்டுக்குக் கீழே விழுந்திருக்கிறது. அவருடையது விழுந்ததை நாங்கள் ஒரு நாளும் காணவில்லை. 2022இல் பெட்ரோல் இல்லாமல் வாரத்தில் மூன்று நாள் மட்டும் பாடசாலை நடந்த காலத்தில், அறுபது வயதில், பழைய சைக்கிளை எண்ணெய் போட்டு எடுத்துக் கொண்டு வந்தார். மோட்டார் சைக்கிளை வீட்டில் வைத்துக் கொண்டு கியூஆர் கோட்டாவைக் காரணம் சொன்ன எங்களுக்கு அப்போது வெட்கமாக இருந்தது. ஆனாலும் பிந்தித்தான் வந்தோம்.

ஆரம்பப் பிரிவு டீச்சர் எங்களில் மூன்று பேருக்கு முதலாம் ஆண்டில் கை பிடித்து எழுத்துச் சொல்லித் தந்தவர். இப்போது எங்கள் பிள்ளைகளுக்கும் அவரே சொல்லித் தந்தார். "உங்கட வாப்பாவும் இப்பிடித்தான் பென்சிலக் கடிப்பாரு" என்று பிள்ளையிடம் சொல்லி எங்கள் மானத்தை வாங்குவார். காகிதத் தட்டுப்பாட்டில் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே ஒத்திவைத்த வருடம் அது. காகித ஆலை இருக்கிற எங்கள் ஊரிலும் வெள்ளைத் தாள் தங்கம் போல இருந்தது. டீச்சர் பழைய கலண்டர்களின் பின்பக்கத்தை வெட்டித் தைத்துப் பிள்ளைகளுக்குக் கொப்பி செய்து கொடுத்தார்.

மூன்றாமவர் விஞ்ஞான டீச்சர். வாழைச்சேனைத் தமிழ்ப் பக்கத்தைச் சேர்ந்தவர். 1996இல் எமது பாடசாலைக்கு மாற்றலாகி வந்து, இருபத்தாறு வருடம் எங்களோடு இருந்து விட்டுப் போகிறார்.

2002 ஜூன் கடைசியில் எங்கள் ஊரில் நடந்ததை இங்கே விரிவாக எழுத வேண்டியதில்லை. போர்நிறுத்த உடன்படிக்கை வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. கடைகள் எரிந்ததும் ஊரடங்குச் சட்டம் போட்டதும் உயிர்கள் போனதும் இரண்டு பக்கத்துக்கும் தெரியும். நாங்கள் அப்போது தரம் 11, டிசம்பரில் பரீட்சை. பாடசாலை திறந்த பிறகும் விஞ்ஞானப் பாட நேரம் வெறுமையாகவே போனது. டீச்சர் வரவில்லை, எப்படி வருவார்? அவர் எப்படி இருக்கிறார் என்று எங்களில் ஒருவரும் விசாரிக்கவில்லை. பதினாறு வயதுப் பொடியன்கள் என்று சாட்டுச் சொல்லலாம். ஆனால் "இனி அவ வரத் தேவையில்ல" என்று வகுப்பில் ஒரு குரல் எழுந்தபோது நாங்கள் நான்கு பேரும் வாயை மூடிக் கொண்டிருந்தோம் என்பதுதான் நடந்தது.

சில கிழமைகள் கழித்து ஒரு காலையில், முன்னறிவிப்பு ஏதும் இல்லாமல், டீச்சர் வந்து நின்றார். அதற்கு முதல் நாள்தான் ஒருவன் கரும்பலகையில் ஒரு வசனம் எழுதியிருந்தான். என்ன வசனம் என்பதை இங்கே எழுத மாட்டோம். யாரும் அதை அழிக்கவில்லை. எழுதியவர் இன்று ஊரில் மதிப்போடு இருக்கிறார், பெயர் தேவையில்லை. டீச்சர் உள்ளே வந்தார், அதை வாசித்தார், டஸ்டரை எடுத்து அழித்தார். திகதியை எழுதினார். திரும்பிப் பார்த்து, "எந்த அலகு வரைக்கும் முடிச்ச நாங்க?" என்று கேட்டார்.

யாரோ ஒருவன் மெதுவாக "அமிலம், மூலம் டீச்சர்" என்றான். பாசிச்சாயத்தாளில் இருந்து பாடம் தொடங்கியது. எழுதியது யார் என்று அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. அதிபரிடமும் போகவில்லை.

தவறிய கிழமைகளை ஈடுசெய்ய அந்த நவம்பரில் நோன்பு விடுமுறையிலும் காலையில் வந்து மேலதிக வகுப்பு எடுத்தார். வழக்கமாக அவருடைய மேசையில் ஒரு தண்ணீர்ப் போத்தல் இருக்கும். அந்த மாதம் முழுக்க அது இருக்கவில்லை. நோன்பு பிடித்த நாங்கள் கடைசி வாங்கில் தூங்கி வழிந்தோம், நோன்பில்லாத டீச்சர் மூன்று மணித்தியாலம் ஒரு மிடறு தண்ணீர் குடிக்காமல் நின்றபடி படிப்பித்தார். அதை நாங்கள் கவனித்ததே ஆசிரியர்களான பிறகு, எங்கள் தொண்டை காய்ந்தபோதுதான்.

பிரியாவிடை நிகழ்வில் பழைய மாணவர் சார்பில் பேச எங்களுக்கு ஐந்து நிமிடம் தந்தார்கள். மேலே உள்ளதைச் சுருக்கமாக ஒரு தாளில் எழுதிக் கொண்டு போனோம். ஒலிவாங்கிக்கு முன்னால் போய் நின்றபோது சபையில் எல்லோரும் இருந்தார்கள். பழைய கதையை ஏன் கிளற வேண்டும், நல்ல நாளில் சங்கடம் எதற்கு என்று தோன்றியது. தாளை மடித்து சட்டைப் பையில் வைத்து விட்டு, "அர்ப்பணிப்பு", "தியாகம்", "ஒளிவிளக்கு" என்று எல்லா விழாவிலும் சொல்வதைச் சொல்லி விட்டு இறங்கினோம். கைதட்டினார்கள். டீச்சரும் கைதட்டினார்.

அன்று இரவு எங்களுக்குத் தூக்கம் வரவில்லை. இருபது வருடத்துக்கு முன் கரும்பலகையை அழிக்காமல் உட்கார்ந்திருந்ததும் இப்போது தாளை மடித்ததும் ஒன்றுதான் என்று எங்களில் ஒருவர் வட்ஸ்அப் குழுவில் எழுதினார். மற்ற மூவரும் பதில் போடவில்லை.

ஜனவரி பிறந்த பிறகு நால்வரும் டீச்சரின் வீட்டுக்குப் போனோம். இருபத்தாறு வருடத்தில் அந்த வீட்டு வாசலுக்கு நாங்கள் போனது அதுதான் முதல் தடவை. ஐந்து நிமிடச் சைக்கிள் ஓட்டம். எங்கள் கல்யாணங்களுக்கும், வாப்பாமார் மௌத்தான வீடுகளுக்கும் அவர் வந்து போயிருக்கிறார் என்பதையும் அங்கே இருந்துதான் கணக்குப் பார்த்தோம். பிளேன்டீயும் பயற்றம் பணியாரமும் தந்தார். "கடையில வாங்கினது இல்ல, நான் செஞ்சது, பயப்பிடாமச் சாப்பிடுங்க" என்று சிரித்தார்.

கரும்பலகை விடயத்தை நாங்கள் சொன்னோம். அன்று வாயை மூடிக் கொண்டிருந்தவர்களில் நாங்களும் இருந்தோம் என்பதையும் சொல்லி, மாப்புக் கேட்டோம். டீச்சர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அண்டைக்கு வாசல்ல நிண்டு திரும்பிப் போகத்தான் யோசிச்ச நான்" என்றார். "பிறகு பார்த்தன், முன் வாங்கில நாலு பேர் கொப்பியத் திறந்து வெச்சுக்கொண்டு இருந்தீங்க. சரி, இவங்களுக்காவது படிப்பிச்சிட்டுப் போவம் எண்டு உள்ள வந்தன்."

அந்த முன் வாங்கில் இருந்தது நாங்கள் இல்லை. நாங்கள் அப்போது பின்னால் இருந்தோம். அதையும் சொல்லி விட்டோம்.

இதை முகநூலில் எழுதலாமா என்று அனுமதி கேட்டோம். "எழுதுங்க. ஆனா என்ட பேரப் போடாதீங்க" என்றார். பிறகு ஆசிரியர் குரலுக்கு மாறி, "அது கிடக்கட்டும், ஆய்வுகூடத் திறப்ப யாரிட்டக் குடுத்தீங்க? அந்த நுணுக்குக்காட்டிய ஈரத்தில வெச்சா பூஞ்சணம் பிடிக்கும். தரம் பதினொண்டுக்கு இன்னும் மூணு அலகு இருக்கு, யார் எடுக்கிற?" என்று கேட்டார்.

இன்னும் ஒருவரும் நியமிக்கப்படவில்லை என்றோம். சனிக்கிழமை காலையில் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பச் சொன்னார், காசு வேண்டாம் என்றார். தரம் 11 பெற்றோருக்கு இதையே அறிவித்தலாகவும் தருகிறோம். வரும் சனி, காலை 8.30. வீடு தெரியாத பிள்ளைகள் பாடசாலை வாசலுக்கு வந்தால் எங்களில் ஒருவர் கூட்டிக் கொண்டு போவார். பிந்தி வர மாட்டோம், இன்ஷா அல்லாஹ்.