மூச்சுக்கு வேண்டிய மின்சாரம்

மெல்பேர்ணில் வசிக்கும் என் தம்பி, ஓய்வுபெற்ற பின்னர் பழைய மோட்டார் ஹோம் ஒன்றை வாங்கினான். படுக்கை, அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி எல்லாம் அடங்கிய நடமாடும் வீடு அது. 2023 ஜூலையில் நான் அங்கு சென்றிருந்தபோது, "அண்ணை, மரே ஆத்துப் பக்கம் போய் நாலு நாள் இருந்திட்டு வருவம், வாங்கோ" என்று அழைத்தான். அவுஸ்திரேலியக் குளிர்காலத்தின் நடுப்பகுதி அது. எச்சூக்கா நகருக்கு அப்பால், யூக்கலிப்டஸ் மரங்களின் கீழே வண்டியை நிறுத்தினோம். மின்இணைப்பு எதுவும் இல்லாத இடம்.

தம்பிக்கு உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோய் உண்டு. முகமூடி வழியாகக் காற்றை அழுத்தத்துடன் செலுத்தும் சிறிய இயந்திரத்தின் துணையோடுதான் அவன் இரவில் உறங்குவான். இரண்டாவது நாள் அதிகாலை மூன்று மணிக்கு அந்த இயந்திரம் நின்றுவிட்டது. முகமூடியைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் திணறியபடி அவன் எழுந்து உட்கார்ந்த காட்சியை என்னால் மறக்க முடியவில்லை. கண் அயர்ந்தால் மூச்சு நின்றுவிடுமோ என்ற அச்சத்தில் விடியும்வரை அவன் உறங்கவில்லை. எரிவாயு அடுப்பில் தேநீர் வைத்துக் கொடுத்துவிட்டு நானும் இருட்டில் அவனோடு அமர்ந்திருந்தேன்.

இருட்டு எனக்குப் புதிதல்ல. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது யாழ்ப்பாணத்தில் நின்றுபோன மின்சாரம் பல ஆண்டுகள் திரும்பி வரவில்லை. பொருளாதாரத் தடையால் பற்றரிகளும் கிடைக்கவில்லை. பத்திரிகையாளனுக்கு வானொலிச் செய்தி வேண்டுமே! சைக்கிளைத் தாங்கியில் நிறுத்தி, டைனமோவிலிருந்து வானொலிக்குக் கம்பி இணைத்து, ஒருவர் மிதிக்க மற்றவர் குறிப்பெடுப்போம். மிதிப்பவர் களைத்தால் செய்தியும் மங்கிவிடும். சைக்கிள் டைனமோ தருவது 6 வோல்ட், 3 வாட் மின்சாரம் மட்டுமே. அந்த 3 வாட்டின் பெறுமதியை எங்கள் கால்கள் அறிந்திருந்தன. 1980களிலேயே புலம்பெயர்ந்துவிட்ட தம்பி அந்த நாட்களைக் காணவில்லை. நான் அறையைவிட்டு வெளியேறும்போதெல்லாம் விளக்கை அணைப்பதைக் கண்டு, "அண்ணைக்கு இன்னும் அந்தப் பழக்கம் போகேல்லை" என்று சிரிப்பான். அன்றிரவு அவன் சிரிக்கவில்லை.

வண்டியில் இருந்தவை 100 அம்பியர்-மணி கொள்ளளவுள்ள இரண்டு ஈய அமிலப் பற்றரிகள். இத்தகைய பற்றரிகளைப் பாதிக்குக் கீழே வடியவிடலாகாது. அடிக்கடி வடியவிட்டால் அவற்றின் கொள்ளளவே சுருங்கிவிடும். முந்திய உரிமையாளர் அதைத்தான் செய்திருக்கவேண்டும். கூரையில் இருந்த ஒரேயொரு சிறிய சூரியத் தகடும் மரநிழலில் கிடந்தது. இயந்திரமோ இன்வேர்ட்டர் வழியாக இயங்கியது. பற்றரியின் அழுத்தம் குறைந்ததும் இன்வேர்ட்டர் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது.

ஊர் திரும்பியதும் தம்பி லித்தியம் பற்றரிகளை வாங்கிவிட்டான். ஈயப் பற்றரி ஒன்று ஏறத்தாழ 30 கிலோ எடை. அதே அளவு லித்தியம் பற்றரி 12 கிலோ அளவில்தான் இருக்கும். கொள்ளளவில் பெரும்பகுதியைப் பயன்படுத்தலாம்; ஆயிரக்கணக்கான தடவை மின்னேற்றலாம். இவ்வகைப் பற்றரியில் இருப்பது லித்தியம் இரும்பு பொஸ்பேட். இப்பொருளின் பயனை 1997 இல் வெளியிட்ட ஆய்வாளர்களுள் ஒருவர் ஜோன் குட்இனஃப். லித்தியம் அயன் பற்றரிகளுக்கான பங்களிப்புக்காக 2019 இல், தமது 97 ஆவது வயதில், நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். கோபால்ற் கலந்த லித்தியம் பற்றரிகளைவிட இது வெப்பத்தைத் தாங்கவல்லது.

"பழசைக் கழற்றிப்போட்டுப் புதுசைப் பூட்டினால் சரி" என்று விற்றவர் கூறியிருக்கிறார். தம்பியும் நம்பினான். முதல் ஓட்டத்திலேயே எஞ்சின் பக்கமிருந்து கருகல் நாற்றம் வந்தது. அல்ரனேற்றர் பழுதாகிவிட்டது.

காரணத்தை ஒரு வாகன மின் தொழிலாளர் விளக்கினார். ஈயப் பற்றரி நிரம்ப நிரம்ப மின்சாரத்தை உள்வாங்குவது குறைந்துவிடும். லித்தியமோ தவித்த மாடு தண்ணீர் குடிப்பதைப் போலக் கடைசிவரை இழுத்துக்கொண்டேயிருக்கும். அல்ரனேற்றர் ஓய்வின்றி உழைத்துச் சூடேறும். வண்டி நின்றபடி எஞ்சின் மட்டும் ஓடினால் ஆபத்து இன்னும் அதிகம். எனவே இடையில் மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் சார்ஜர் ஒன்று அவசியம். அவர் 30 அம்பியர் சார்ஜரைப் பொருத்தினார். பற்றரிக்கு மிக அருகே தகுந்த பியூஸ் வைத்தார். 2022 இல் திருத்தப்பட்ட நியமத்தின்படி, பற்றரியிலிருந்து வாயு கசிந்தாலும் படுக்கும் இடத்துக்குள் புகாதவாறு பெட்டியை அடைத்து, காற்றோட்டத்தை வெளிப்புறமாக அமைத்தார். உறைநிலைக்குக் கீழே இவ்வகைப் பற்றரிக்கு மின்னேற்றக்கூடாது என்றும், அப்படியான காலைகளில் அதன் பாதுகாப்புச் சுற்று மின்னேற்றத்தைத் தானே நிறுத்திவிடும் என்றும் எச்சரித்தார்.

அதன் பின்னர்தான் தம்பியும் நானும், அவன் மெல்பேர்ணிலும் நான் இலங்கையிலுமாக, தொலைபேசியில் கணக்குப் பார்த்தோம். குளிர்சாதனப் பெட்டிக்கு நாளொன்றுக்கு 550 வாட்-மணி. சுவாச இயந்திரத்துக்கு, ஈரப்பதமூட்டியை நிறுத்தி, இன்வேர்ட்டரைத் தவிர்த்து நேரடியாக 12 வோல்ட்டில் இயக்கினால், 30 வாட் வீதம் எட்டு மணித்தியாலங்களுக்கு 240. விளக்கு, தண்ணீர்ப் பம்பி, கைத்தொலைபேசி ஆகியவற்றுக்கு 150. மொத்தம் 940. இரண்டு பற்றரிகளிலும் இருப்பது 2560. கூரையில் புதிதாகப் பொருத்திய 400 வாட் தகடுகள், விக்ரோறியாவின் குளிர்காலத்தில் வெயிலில் நின்றால் நாளொன்றுக்குச் சுமார் 600 தரும். நாளாந்தக் குறை 340. ஒரு மணித்தியாலம் வண்டி ஓடினால் அது நிரம்பிவிடும்.

"அப்ப, என்ர மூச்சுக்கு எத்தனை சைக்கிள் மிதிக்கவேணும் அண்ணை?" என்று தம்பி கேட்டான்.

"பத்துப் பேர், விடியும்வரைக்கும்" என்றேன்.

2024 ஜூலையில் அதே ஆற்றங்கரைக்கு மீண்டும் சென்றோம். இம்முறை வண்டியை மரநிழலில் நிறுத்தாமல் வெட்டவெளியில் நிறுத்தினோம். குளிர் கூடுதலாகத்தான் இருந்தது. பெட்டிக்குள் இருப்பது எவ்வளவு, நாளைக்கு வருவது எவ்வளவு என்று ஒவ்வொரு மாலையும் தம்பியே கணக்கெழுதினான். பற்றரி எவ்வளவுதான் நவீனமானதாக இருந்தாலும் இல்லாத மின்சாரத்தை அது தராது. சேமித்ததைத்தான் திருப்பித் தரும். எங்கள் ஊரில் இதைப் படிக்கப் பல ஆண்டுகள் எடுத்தன. தம்பி ஓர் இரவில் படித்துவிட்டான்.

இரண்டாம் நாள் அதிகாலை மூன்று மணிக்கு எனக்கு விழிப்பு வந்துவிட்டது. சுவரிலிருந்த சிறிய திரையைப் பார்த்தேன். நூற்றுக்கு எழுபத்தொன்று என்று காட்டியது. திரைக்கு அப்பால் தம்பியின் இயந்திரம் மெல்ல இரைந்துகொண்டிருந்தது. வாசித்துவிட்டு அணைக்க மறந்த என் தலைமாட்டு விளக்கை அணைத்துவிட்டு மீண்டும் படுத்துக்கொண்டேன்.