ராமேஸ்வரத்துக்கு எந்த வழி? பாட்டியைக் கேட்டுவிட்டு காரை எடுங்கள்!

தாம்பரத்திலிருந்து ஒரு குடும்பம் காரில் ராமேஸ்வரம் கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, பத்தாவது படிக்கும் மகள், ஆறு வயது மகன், எழுபதைத் தாண்டிய பாட்டி. கையில் நான்கு நாள் லீவு. பாட்டிக்கு 22 தீர்த்தங்களிலும் நீராட வேண்டும். மகனுக்குக் கடல். மகளுக்கு தனுஷ்கோடி. அம்மாவுக்கு ஒரு கண்டாங்கிச் சேலை. அப்பாவோ செல்போனில் மேப்பைத் திறந்து, "விடியக்காலை நாலு மணிக்குக் கிளம்பினா சாயங்காலம் போய்ச் சேர்ந்துடலாம்" என்கிறார்.

அவர் சொல்வதில் தப்பில்லை. ஆனால், போய் இறங்கும்போது பாட்டியின் முழங்கால் எப்படி இருக்கும் என்பதை மேப் காட்டாது. ஒரே மூச்சில் ஓட்டிப்போய், மறுநாள் பாட்டி லாட்ஜ் கட்டிலிலேயே படுத்துவிட்டால், யாருக்காகக் கிளம்பினார்களோ அவருக்கே தீர்த்தம் இல்லாமல் போய்விடும்.

இரண்டு வழிகள்

உள்வழி என்பது செங்கல்பட்டு, விழுப்புரம், திருச்சி, புதுக்கோட்டை, காரைக்குடி, ராமநாதபுரம். திருச்சி வரை நான்குவழிச்சாலை. வேகம் உண்டு, டோல்கேட்டும் உண்டு. வெளியே பார்க்க அதிகம் இல்லை.

கடற்கரை வழி என்பது கிழக்குக் கடற்கரைச் சாலை. புதுச்சேரி, சிதம்பரம், தரங்கம்பாடி, காரைக்கால், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, முத்துப்பேட்டை, தொண்டி, தேவிபட்டினம் என்று போகும். தூரத்தைவிட நேரத்தில்தான் வித்தியாசம். ஊருக்குள் புகுந்து புகுந்து போவதால் வேகம் எடுக்க முடியாது. ஆனால், மணிக்கு ஒருமுறை இறங்கிக் கால் நீட்ட ஓர் ஊர் வரும். வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இதுதான் தேவை.

அதனால் போகும்போது கடற்கரை, திரும்பும்போது உள்வழி. நான்கு நாளில் இது அடங்கும்.

முதல் இரண்டு நாள்

காலை 5 மணிக்குக் கிளம்பினால் புதுச்சேரியில் டிபன். சிதம்பரத்தை உச்சிவேளைக்கு முன்பே தொட்டுவிட வேண்டும். மதியம் நடை சாத்திவிட்டால் மாலை வரை காத்திருக்க நேரும். பிச்சாவரத்தில் சதுப்புநிலக் காட்டுக்குள் படகில் போகவும் ஆசை வரும். ஒரே நாளில் கோயிலும் படகும் வேண்டாம், ஏதாவது ஒன்று போதும்.

வெயில் தாழ்ந்த பிறகு தரங்கம்பாடி. 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய டான்ஸ்போர்க் கோட்டை கடலைப் பார்த்தபடி நிற்கிறது. மகன் மணலில் விளையாடட்டும். பாட்டி காற்று வாங்கட்டும். இரவு வேளாங்கண்ணியில் தங்கலாம். எல்லா வசதியிலும் அறைகள் கிடைக்கும்.

இரண்டாம் நாள் ஒரு முடிவு எடுக்க வேண்டும். வேதாரண்யம் பக்கம் திரும்பினால், 1930-ல் ராஜாஜி தலைமையில் உப்புச் சத்தியாகிரகம் நடந்த மண்ணைப் பார்க்கலாம். அதைத் தாண்டி கோடியக்கரையில் வெளிமான்கள் உண்டு. ஆனால் அரை நாள் போய்விடும். பாட்டி இருக்கும் காரில் இதைக் கைவிடுவதே நல்லது. நேரே போனால் வழியில் மனோரா. நெப்போலியனின் வீழ்ச்சியைக் கொண்டாட, தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி கட்டிய எட்டு அடுக்குக் கோபுரம் அது. தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணத்தைக் கும்பிட்டுவிட்டு, இருட்டும் முன் பாம்பன் பாலம் ஏறிவிட வேண்டும். இருட்டிவிட்டால் இரண்டு பக்கக் கடலும் கண்ணில் படாது.

பாட்டியின் நாள்

மூன்றாம் நாள் காலை முழுக்கப் பாட்டிக்கு. நன்றாகத் தூங்கி எழுந்தவர் விடிந்ததும் தீர்த்தமாடலாம். மாற்றுத்துணி கையிலேயே இருக்கட்டும். ஈரத்தரை வழுக்கும், பேத்தி கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அதன் பிறகு பேத்தியின் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயலில் ரயிலோடு அழிந்த ஊர். இடிந்த தேவாலயமும் ரயில் நிலையமும் இன்னும் நிற்கின்றன. 2017-ல் சாலை திறந்த பிறகு அரிச்சல்முனை வரை காரிலேயே போகலாம். மாலைக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள், மதியத்துக்குள் போய்விடுவது நல்லது. இங்கே கடலில் இறங்குவது ஆபத்து. மகனுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

அன்று இரவே காரைக்குடி. நான்காம் நாள் காலை அம்மாவுக்குக் கண்டாங்கிச் சேலை. அப்புறம் அப்பாவுக்குப் பிடித்த நான்குவழிச்சாலை. அவர் ஆசைதீர ஓட்டலாம். ஆனாலும் இரண்டு மணிக்கு ஒருமுறை டீக்கு நிறுத்த வேண்டும்.

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை இந்தக் கடற்கரையில் மழையும் புயலும் வரும். தை, மாசி மாதங்கள் இதமானவை.

கிளம்பும் முன் ஒரு வேலை. ஒரு தாளில் ஆளுக்கு ஓர் இடம் எழுதச் சொல்லுங்கள். ஐந்து பேருக்கு ஐந்து இடம். அவற்றை முதலில் வரிசைப்படுத்திவிட்டு, மீதி நேரம் இருந்தால் மட்டும் மற்றவை. பாட்டி முதலில், "எனக்கென்னப்பா, நீங்க எங்க போறீங்களோ அங்க வர்றேன்" என்றுதான் சொல்வார். விடாமல் இன்னொரு முறை கேளுங்கள்.