பாட்டுக்கு அடியில் இரண்டு வரி எழுதியவருக்கு

கோவிலூர், வட்டவடை

புறநானூற்றுப் பாட்டுகளுக்கு அடியில் குறிப்பு எழுதி வைத்த பெரியவருக்கு,

உங்கள் பெயர் தெரியாது, ஊர் தெரியாது. நீங்கள் ஒருவரா, தலைமுறை தலைமுறையாக ஏடு எழுதிய பலரா என்பதும் தெரியாது. ஐயா என்று கூப்பிடத்தான் வாய் வருகிறது. அம்மாவாக இருந்திருந்தால் மன்னியுங்கள். பாடினவர் யார், யாரைப் பாடினார், எந்த நிலையில் பாடினார் என்று பாட்டுக்குப் பாட்டு எழுதி வைத்த நீங்கள், உங்கள் பெயரை மட்டும் எங்கும் எழுதவில்லை. முகவரி இல்லாதவருக்கு எழுதும் கடிதம் என்பதால் எல்லார் கண்ணிலும் படும்படி எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கேரளத்தில் இடுக்கி மாவட்டம், தேவிகுளம் தாலுகாவில் இருக்கிறது. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் தாண்டி, பாம்பாடும் சோலைக்குள் புகுந்து வரவேண்டும். ஆபீஸ் காகிதமெல்லாம் மலையாளம். அடுப்படியில் பேசுவது தமிழ். மதுரைப் பக்கம் கலகம் வந்தபோது மலையேறி வந்தவர்கள் நம் முன்னோர் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டே வளர்ந்தோம். அடுக்கடுக்காக மண்ணை வெட்டிப் பூண்டும் கேரட்டும் உருளைக்கிழங்கும் போடுகிறோம். கிழக்கே ஒரு மேடு ஏறி இறங்கினால் கிளாவரை. அதற்கப்பால் கோடைமலை, அதன் அடிவாரத்தில் பழனி. பேகன் ஆண்ட சீமை அது. உங்கள் ஏட்டில் வையாவிக் கோப்பெரும் பேகன் என்று இருக்கிற பெயர் எங்களுக்குப் பக்கத்து மலைக்காரர் பெயர்.

பள்ளிக்கூடத்தில் படித்த பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தவன். மார்கழிக் குளிரில் கம்பளிக்குள் சுருண்டு கிடந்த எங்களுக்கு அந்தக் கதை சட்டென்று புரிந்தது. இந்த மலையில் ராத்திரி ஒரு போர்வையைக் கழற்றிக் கொடுப்பது சின்னக் கொடை அல்ல. ஆனால் பேகனின் கதை அதோடு முடியவில்லை என்று எனக்குச் சொன்னவர் நீங்கள்தான்.

நான் தமிழாசிரியராக வந்த வருஷம், உ.வே.சாமிநாதையர் 1894-இல் முதலில் அச்சிட்ட புறநானூற்றின் பிந்திய பதிப்பு ஒன்று பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. 143-ஆம் பாட்டு. பேகனுடைய ஊருக்குப் போய் அவன் மலையை வாழ்த்திப் பாடின கபிலர், அங்கே ஒரு பெண் விம்மி விம்மி அழுததைச் சொல்லி, அந்தப் பாவப்பட்ட பெண் யார் என்று பேகனையே கேட்கிறார். பாட்டு அங்கே நின்றுவிடுகிறது. பதில் இல்லை. கீழே சின்ன எழுத்தில் நீங்கள் பதில் எழுதியிருந்தீர்கள்: அவள் பேகன் கைவிட்ட மனைவி, பெயர் கண்ணகி.

அன்றைக்கு அந்தப் பக்கத்தைத் திருப்பவே எனக்கு மனம் வரவில்லை. 143 முதல் 147 வரை ஐந்து பாட்டுகள், பாடினவர்கள் நான்கு பேர்: கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார். பரிசில் வாங்கிப் பிழைக்கிற புலவர்கள், எங்களுக்குப் பொன் வேண்டாம், தேரைப் பூட்டி அவளிடம் போ, அதுதான் நாங்கள் கேட்கிற பரிசில் என்று ஓர் அரசனிடம் மன்றாடுகிறார்கள். அவள் கூந்தலையும் கண்ணீரையும் பாடுகிறார்கள், பெயரைச் சொல்லவில்லை. அவள் பெயரை இந்த உலகத்துக்கு விட்டுச் சென்றது உங்கள் குறிப்புதான்.

இன்னொன்று, 46-ஆம் பாட்டு. யானைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தப்பட்ட சின்னப் பிள்ளைகள். அதுவரை அழுதுகொண்டிருந்தவை, யானையைப் பார்த்த வியப்பில் அழுகையை மறந்து, புதுசாக இருக்கிற மன்றத்தை மருண்டு பார்க்கின்றன. சாவு பக்கத்தில் நிற்பது பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. வகுப்பில் இதைச் சொல்லும்போது ஒவ்வொரு வருஷமும் என் குரல் கம்மிவிடும். இவர்கள் மலையமான் என்ற தலைவனின் மக்கள், சோழன் கிள்ளிவளவன் யானைக்காலில் இடப் போனபோது கோவூர்கிழார் பாடி உய்யக்கொண்டார் என்பதும் உங்கள் குறிப்பால்தான் தெரிகிறது. பாட்டுக்குள் அந்தப் பிள்ளைகளின் தகப்பன் பெயர் இல்லை. குறிப்பு இல்லாவிட்டால் அவர்கள் ஏதோ ஒரு ஊரின் ஏதோ பிள்ளைகளாகப் போயிருப்பார்கள்.

பாரி மகளிர் பாட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 112-ஆம் பாட்டு, ஐந்தே அடி. ஒரு நிலவுக்கும் அடுத்த நிலவுக்கும் நடுவில் தந்தையும் போய்க் குன்றும் போய்விட்டது. அந்த ஐந்தடியில் தந்தை பாரியின் பெயரும் இல்லை, அவன் மலையான பறம்பின் பெயரும் இல்லை. பறம்பில் உழாமலே விளைவது நான்கு என்று கபிலர் 109-இல் அடுக்குவாரே, மூங்கில் அரிசி, பலா, வள்ளிக்கிழங்கு, தேன் என்று, அதைப் படித்தால் எங்கள் பக்கத்துக் காடு கண்ணில் வருகிறது. அந்த மலையை மூவேந்தரும் முற்றுகையிட்டு எடுத்துக்கொண்டார்கள். நெல் விளைகிற நாட்டுக்காரர்கள், தேன் எடுக்கிற மலையை ஏன் விட்டுவைக்கவில்லை என்று ஒரு பெண்பிள்ளை ஒருமுறை என்னைக் கேட்டாள். எனக்கு இன்னும் சரியான பதில் இல்லை.

ஐயா, உங்கள் அருமை எனக்கு முழுசாகப் புரிந்தது தூரத்து நாட்டுப் பாட்டுகளைப் படித்த பிறகுதான். பிரிட்டன் தீவின் மேற்கே வேல்ஸ் என்று ஒரு மலைநாடு. அங்கேயும் சின்னச் சின்ன அரசர்கள் இருந்தார்கள், அவர்களைப் பாடிப் பரிசில் பெற்ற புலவர்களும் இருந்தார்கள். உரியேன் என்ற அரசனைத் தலியேசின் பாடினார். கத்ராயெத் என்ற இடத்துப் போரில் மடிந்த வீரர்களை அனெய்ரின் பாடினார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அந்தப் பாட்டை எழுதின ஏட்டில், பாட்டின் பெயர் இது, பாடினவர் இவர் என்று தலைப்பிலேயே ஒரு வரி இருக்கிறது. அங்கேயும் உங்களைப் போல ஒருவர்! நம் பாரி மகளிரைப் போல அவர்களுக்கு ஹெலெத் இருக்கிறாள். அண்ணன் கிந்தலன் போரில் செத்த பிறகு, அடுப்பும் விளக்கும் இல்லாமல் இருண்டு கிடக்கிற அவன் மாளிகையைப் பார்த்து அழுகிறாள். ஆனால் யார் எப்படி அவன் ஊரை அழித்தார்கள், அவள் எங்கே நின்று அழுகிறாள் என்று சொல்ல அங்கே குறிப்பு இல்லை. அந்தப் பாட்டுகளைச் சுற்றி ஓர் உரைநடைக் கதை இருந்து தொலைந்துவிட்டது என்று ஈவோர் வில்லியம்ஸ் என்ற அறிஞர் கருதினார். அழுகை மிஞ்சியது, கதை போய்விட்டது.

அதே நாட்டில் எலிசெக் தூண் என்று ஒரு கல். ஒன்பதாம் நூற்றாண்டில் கொங்கென் என்ற அரசன் தன் கொள்ளுப்பாட்டன் நினைவாக நாட்டியது. 1696-இல் எட்வர்ட் லூயிட் என்பவர் அதன் எழுத்தைப் பார்த்து எழுதி வைத்தார். இன்று கல்லில் ஒன்றும் படிக்க முடியாது. கல் தேய்ந்துபோன பிறகு அந்த அரசர்களின் பெயரைத் தாங்கி நிற்பது லூயிட் எழுதின காகிதம்தான்.

உங்கள் குறிப்புகள் பாட்டு பிறந்து வெகுகாலம் கழித்து எழுதினவை, அதை அப்படியே சரித்திரமாகக் கொள்ள முடியாது என்று சொல்கிற அறிஞர்கள் உண்டு. அது நியாயமான எச்சரிக்கைதான். ஆனாலும் 1981-இல் திருக்கோவலூர்ப் பக்கம் ஜம்பையில் ஒரு குகைக் கல்வெட்டு கிடைத்ததே, அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த பாளி, அதாவது உறைவிடம், என்று! ஔவையார் பாட்டுகளுக்குக் கீழே நீங்கள் எழுதி வைத்த அதே பெயர் பிராமி எழுத்தில் பாறையில் இருந்தது. நீங்கள் கேட்டதைத்தான் எழுதினீர்கள், தெரியாததை ஜோடிக்கவில்லை என்று நான் நம்ப இன்னொரு காரணமும் உண்டு. 243-ஆம் பாட்டில் ஒரு கிழவர், குளத்தில் குதித்து மணல் அள்ளி வந்த தன் இளமையை நினைக்கிறார். அவர் பெயர் தெரியவில்லை. அவர் பாட்டில் வருகிற கைத்தடியையே பெயராக்கித் தொடித்தலை விழுத்தண்டினார் என்று வைத்தார்கள். சில பாட்டுகளுக்கு ஒரு பெயரும் இல்லாமல் விட்டிருக்கிறீர்கள். பொய்யாக ஒரு பெயரைச் செருகியிருந்தால் யார் கேட்டிருக்கப் போகிறார்கள்?

இப்போது என் குறையைச் சொல்கிறேன். என் அப்பத்தா பாட்டுக்காரி. ஒப்பாரி வைத்தால் ஊரே நின்று கேட்கும். கல்லூரியில் படித்தபோது ஒரு விடுமுறைக்கு வந்து, அவர் பாடப் பாட ஒரு கோடு போட்ட நோட்டு நிறைய எழுதினேன். முப்பத்தெட்டுப் பாட்டு. அதில் ஒன்று, பொதிமாடு ஓட்டிக்கொண்டு மேட்டைத் தாண்டிப் போன ஒருவன் திரும்பி வராததைப் பற்றியது. மாட்டின் கழுத்துமணி மட்டும் பனிக்குள் கேட்கிறது. பாட்டில் அவனை மன்னாடியாரே, மன்னாடியாரே என்று கூப்பிடுகிறாள் ஒருத்தி. எங்கள் மலைநாட்டு ஊர்களில் மன்னாடியார், மந்திரியார், பெரியதனம் என்று ஊர் நடத்துகிற பொறுப்புகள் உண்டு. இவர் எந்த மன்னாடியார், எந்தக் காலம், கூப்பிடுகிறவள் மனைவியா, மகளா? நான் கேட்கவில்லை. சொல்லை எழுதினால் போதும் என்று நினைத்துவிட்டேன். அப்பத்தா போய்ப் பல வருஷம் ஆகிறது. ஊரில் மூத்தவர்கள் பலரிடம் அந்த நோட்டைக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். பாட்டு ஞாபகம் இருக்கிறது, ஆளைத் தெரியவில்லை என்றார்கள். பக்கத்தில் பேனா இருந்தும் இரண்டு வரி எழுதாமல் போனேன். முந்நூறு ஊர் ஆண்ட பாரிக்கு நீங்கள் செய்ததை, என் வீட்டுப் பாட்டில் வருகிற ஒரு மன்னாடியாருக்கு நான் செய்யவில்லை.

பக்கத்து மறையூர்ப் பாறை மேல் முனியறை என்று கற்பலகை வீடுகள் நிற்கின்றன. பெருங்கற்காலத்தில் செத்தவர்களுக்காக எழுப்பியவை. யாரோ தலைவர்கள், யாரோ அழுதிருப்பார்கள். முனிவர் வாழ்ந்தார், பாண்டவர் தங்கினார் என்று ஜனங்கள் இன்றைக்குக் கதை சொல்கிறார்கள். பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போகும்போதெல்லாம் அந்தப் பலகைகளின் அடியைத்தான் என் கண் தேடும்.

இந்த வருஷம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். வீட்டில் பாட்டியோ பெரியம்மாவோ பாடுகிற பாட்டைக் கேட்டு எழுதவேண்டும். கீழே உங்கள் முறைப்படி பாடியவர், பாடப்பட்டவர், பாடிய சூழல் எழுதவேண்டும். தெரியாவிட்டால் தெரியவில்லை என்று எழுதவேண்டும், கற்பனை கூடாது. பூண்டு உரிக்கிறபோது பாடினது, தொட்டில் ஆட்டினபோது பாடினது என்று வந்தன. ஒரு மாணவி நான்கு வரித் தாலாட்டு ஒன்றைக் கொண்டுவந்தாள். அதன் கீழே முத்து முத்தாக எழுதியிருந்தாள்:

பாடியவர்: எங்கள் பாட்டி. பாடப்பட்டவர்: கேட்டேன், பாட்டி சொல்லவில்லை, அழுதுவிட்டார். நாளைக்கு மறுபடியும் கேட்பேன்.

அந்தப் பக்கத்தில் நான் சிவப்பு மை வைக்கவில்லை. உங்களுக்குக் காட்டவேண்டும் என்று தோன்றியது, எழுதிவிட்டேன்.


வட்டவடையிலிருந்து ஒரு தமிழாசிரியர்